வரிக்காரர் மட்டும் கேட்ட பேச்சு

எவரிஸ்டோ மச்சானின் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நீளம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிற்கிற புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, அவர் "அன்பார்ந்த கிராம மக்களே" என்று தொடங்கும்போது கண்ணை மூடினால், ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுவதற்குச் சரியாக இருக்கும். முடிவில் ஆளுக்கு ஒரு பாட்டில் ஆரஞ்சு கலர் கொடுப்பார்கள். குளிர்ச்சியாக இருக்காது, ஆனாலும் கலர் கலர்தான்.

வேட்டைக் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் ஏதோ ஒப்பந்தமாம். காட்டு விலங்குகளையும் வேட்டையையும் பற்றி மாதம் ஒருமுறை லுவாங்வா ஆற்றங்கரை ஊர் மக்களுக்கு அறிவூட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். அறிவு எங்களுக்குள் ஏறியதா என்று பார்க்க யாரும் வந்ததில்லை. நாங்கள் உட்கார்ந்திருப்பதை ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் விழித்திருப்பவர்களாகப் பார்த்து முன்வரிசையில் உட்கார வைப்பது எங்கள் ஊர்த் தலைவர் மாலாமாவின் பொறுப்பு. என்னை அவர் எப்போதும் முன்னால்தான் போடுவார், நான் தூங்கினாலும் முதுகு நிமிர்ந்திருக்கும் என்பதற்காக.

பேச்சுக்கு ஒரு படமும் உண்டு. ஆள் உயரத் துணியில் ஒரு யானை. அதன் துதிக்கையிலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கிணற்றுக்குப் போகும். தந்தத்திலிருந்து ஒரு கோடு வகுப்பறைக்கு, காலிலிருந்து ஒன்று மருந்துக் கடைக்கு, காதிலிருந்து ஒன்று துப்பாக்கி பிடித்த காவலருக்கு. யானையைப் பார்த்தால் ஏதோ கயிறு போட்டுக் கட்டி வைத்த மாதிரி இருக்கும். எவரிஸ்டோ ஒரு குச்சியால் ஒவ்வொரு கோட்டின் மேலும் மெல்ல ஊர்ந்து போவார். யானையைச் சுடுவதால்தான் யானை பிழைக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். தூர தேசத்திலிருந்து விருந்தாளி வருவார். வயதான ஆண் யானை ஒன்றைச் சுடுவார். தந்தம் அவருக்கு, இறைச்சி ஊருக்கு. அவர் கொடுக்கும் பணத்தில் கிணறும் வகுப்பறையும் காவலர் சம்பளமும். அந்தக் காவலர்கள் மிச்ச யானைகளை எங்களிடமிருந்து காப்பாற்றுவார்கள்.

இதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது. கிணறு வந்தது உண்மை, இறைச்சி வந்ததும் உண்மை. யானை இறைச்சியைக் காயவைத்து நிலக்கடலை இடித்துப் போட்டுச் சமைத்து, சோளக்களியோடு சாப்பிட்டவர்கள் வேட்டையைக் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். அதே யானையை நான் கொன்றால் அது திருட்டு, தூர தேசத்தில் மெத்தை விற்கிற ஒருவர் வந்து கொன்றால் அது பராமரிப்பு. இதைக் கேட்டால் எவரிஸ்டோ குச்சியை வேறு கோட்டுக்கு மாற்றிவிடுவார்.

அவரை மச்சான் என்கிறேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி மேலாளர் ஃபூரி துரைக்குக் கடைசி வரை இது புரியவில்லை, அதனால்தான் எல்லாம் வந்தது. என் தாய்வழிக் குலம் இரும்புக் கூட்டம். எவரிஸ்டோ யானைக் கூட்டம். ஈட்டி இரும்பு, ஈட்டிக்கு யானை இரை, ஆகவே இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. நான் அவரை எங்கே, எவர் முன்னால், என்ன சொல்லித் திட்டினாலும் அவர் கோபப்படக் கூடாது. அவரிடம் இருப்பதில் எது என் கண்ணில் பட்டாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் திருப்பிக் கேட்கக் கூடாது. ஒரு நாள் அவர் வந்து என்னிடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், நானும் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தவர்களை ஊரே நகைக்கும், அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டக் கேலி முறைக்காரர் வர மாட்டார்கள். எங்கள் கூட்டத்துக்குக் குழி வெட்டுவது யானைகள்தான்.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனபோது எவரிஸ்டோதான் வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு, குழிக்குள் தானே நீட்டிப் படுத்துக்கொண்டார். "நல்ல குளுகுளுன்னு இருக்கு. பீர் கொண்டு வந்தாத்தான் எழுந்திரிப்பேன். அந்த ஆள வேற எங்கயாவது போடுங்க" என்றார். மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்த நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த நன்றி எனக்கு அவரிடம் இன்றைக்கும் உண்டு. அதற்காகத் திட்டாமல் விட முடியுமா, அது வேறு.

இனி வரிக்காரர். அவர் எங்கள் பக்கத்துக் கிழட்டு ஆண் யானை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை வரி வாங்க வருவாராம். அறுப்புக்கு முன்னால் வந்து, வீட்டுக்கு வீடு நின்று, கேட்காமல் எடுத்துக்கொண்டு போவாராம். அதனால் இவருக்கு அந்தப் பெயர். இரண்டு வருஷமாக என் வயலில்தான் அவருக்கு முதல் வசூல். முதல் வருஷம் பாதி சோளம் போயிற்று. போன வருஷம் ஒரு தாள் விடவில்லை. கிழங்கு தோண்டியும், அண்ணன் வீட்டு வாசலில் காரணம் தேடிப் போய் நின்றும் அந்த மழைக்காலத்தை ஓட்டினேன். என் மகள் சிசெங்காவை எம்பிகா நகரத்தில் சித்தி வீட்டில் விட்டேன், அங்கேயாவது இரண்டு வேளை களி கிடைக்கும் என்று. இந்த வருஷமும் வயல் போனால் அவளைத் திரும்பக் கூப்பிட முடியாது. என் கவலை அவ்வளவுதான், அதற்கு மேல் யானை இனத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. சோளம் என் தலைக்கு மேல் வளர்ந்து, கதிர் பால் பிடித்து நின்றது. அந்தச் சமயம் பார்த்துத்தான் புளியமரத்தடியில் பேச்சு வைத்தார்கள். நான் அன்றைக்குத் தூங்கவில்லை.

"மச்சான், ஒரு சந்தேகம்."

"கேளு கொழுந்தியா. இரும்பு வாயத் தொறந்தா துருதான் கொட்டும். கொட்டு."

"படத்துல எல்லா எடத்துலேருந்தும் கோடு போகுது. வயித்துலேருந்து மட்டும் ஒண்ணையும் காணோமே."

"வயித்துக்கு எதுக்குக் கோடு?"

"அது என் வயலுக்குப் போகணும்ல. மறந்துட்டீங்களா, இல்ல உங்க குடும்பத்து வயிறாச்சேன்னு கூச்சமா?"

கூட்டம் சிரித்தது. எவரிஸ்டோவும் சிரித்தார், முறை அப்படி. படம் எடுக்க வந்திருந்த ஃபூரி துரை, மக்கள் மகிழ்ச்சியாகக் கற்கிறார்கள் என்று நினைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"சரி மச்சான், வரிக்காரர எப்ப சுடுவீங்க?"

"ஜூன்ல. அவருக்குன்னே ஒரு விருந்தாளி பதிவு பண்ணியிருக்கார். மெத்தைக் கம்பெனி மொதலாளி. தந்தத்தப் போட்டோவுல பாத்துட்டு, இதான் வேணும்னு சொல்லிட்டாராம். அது வரைக்கும் வரிக்காரர் மேல ஒரு கல்லு கூட விழக் கூடாது."

"என் சோளம் எப்ப முத்தும்?"

"மே மாசம் அறுத்துருவ."

"அப்ப ஜூன் வரைக்கும் வரிக்காரர் எங்க சாப்பிடுவார் மச்சான்?"

இந்த முறை தலைவர் மாலாமாவே தொடையில் தட்டிச் சிரித்தார். எவரிஸ்டோ படத்தைச் சுருட்டத் தொடங்கினார். பிறகு, பேச்சின் கடைசியில் எப்போதும் சொல்வதைச் சொன்னார். "பொறுமை நம் பலம்." எல்லோருக்கும் கலர் கொடுத்தார்கள்.

பேச்சு முடிந்தால் என் வீட்டுக்கு வந்து ஒரு செம்பு முன்கோயோ குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். சோளக் கஞ்சியில் வேர் போட்டுப் புளிக்க வைத்து நான் காய்ச்சுகிற முன்கோயோவுக்கு ஊரில் நல்ல பெயர். அன்றைக்கும் வந்தார். தோளில் மாட்டுகிற ஒலிபெருக்கிப் பெட்டியைக் கழற்றி என் பாயில் வைத்தார். முந்தின குளிர்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதிலிருந்து அந்தப் பெட்டிக்குள் பேச்சு முழுவதையும் பதிந்து வைத்திருந்தார்கள். பெட்டி பேசும், அவர் குச்சியால் காட்டுவார், அவ்வளவுதான். வெயில் வாங்குகிற தகடு ஒன்றும் அதோடு உண்டு.

அவர் செம்பை வாயில் வைத்திருந்தபோது நான் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மச்சான், உங்க ஆளு என் சோளத்தத் தின்னாரு. உங்க பேச்ச நான் எடுத்துக்கறேன்."

அவர் முன்கோயோவை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார். "அது கம்பெனிப் பெட்டி."

"பெட்டி கம்பெனிது. கொரல் உங்களுது. கொரல மட்டும் உரிச்சு எடுக்கத் தெரிஞ்சா எடுத்துருப்பேன்."

"கொழுந்தியா, தொரை கேப்பாரு."

"நீங்க கேக்கறீங்களா?"

அவர் கேட்கவில்லை. கேட்க முடியாது. வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பற்களெல்லாம் தெரியச் சிரித்தார். வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஒரு சிரிப்பு. "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு, யானை மறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். உண்மையில் பெட்டி எனக்கு எதற்கும் வேண்டியிருக்கவில்லை. அவரை ஒரு நாள் திண்டாட விடலாம், இரண்டு நாள் கழித்து முன்கோயோவோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

அன்று இருட்டியதும் வயல் பரணுக்குப் போனபோது, வீட்டில் வைத்தால் ஆடு கடிக்கும் என்று பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். தகர டின், மிளகாய் கலந்த சாண வரட்டி, ஒரு பந்தம், இவைதான் கம்பெனி சொல்லிக்கொடுத்த ஆயுதங்கள். வரிக்காரருக்கு மிளகாய்ப் புகை பழகிப்போய் வெகுநாள் ஆயிற்று. டின் சத்தத்தைக் கேட்டால், சாப்பாடு இங்கே என்று யாரோ கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார் போலிருக்கிறது. சோளத்துக்குள் அவர் வந்து நின்ற சத்தம் கேட்டது, முதல் தாளை முறித்த சத்தமும் கேட்டது. டின்னைத் தட்டத் தேடிய கை பெட்டியின் பொத்தானில் பட்டது.

"அன்பார்ந்த கிராம மக்களே," என்றார் எவரிஸ்டோ, பள்ளத்தாக்கு முழுவதற்கும்.

நான் பரணிலிருந்து விழப் பார்த்தேன். வரிக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். பேச்சு ஓடியது. யானை நம் சொத்து, அதைக் கண்ணைப் போல் காக்க வேண்டும் என்ற இடத்தில் அவருடைய காதுகள் விரிந்தன. விருந்தாளியைப் பற்றிய பகுதி வருவதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்தார். கிணறு, வகுப்பறை எல்லாம் காலி வயலுக்குத்தான் சொன்னது பெட்டி.

ஏன் ஓடினார் என்று பிற்பாடு எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என் ஊகம் இது. எவரிஸ்டோ எந்த ஊரில் பேசினாலும் அவரோடு காவலர்கள் வருவார்கள். பேச்சு முடிந்ததும், வந்ததற்கு ஒரு வேலை செய்த மாதிரி இருக்கட்டும் என்று வயலோரம் போய் யானைகளின் தலைக்கு மேல் வானத்தைச் சுடுவார்கள். இந்தக் குரலுக்குப் பின்னால் வெடி வரும் என்று வரிக்காரர் படித்து வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சைக் கவனமாகக் கேட்டு, கற்று, அதன்படி நடந்தது அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பகலில் தகட்டை வெயிலில் வைப்பேன், இரவில் எவரிஸ்டோவைப் பேச வைப்பேன். பேச்சு எனக்கு மனப்பாடம் ஆயிற்று. ஊரில் தூக்கம் கெட்டவர்கள் தலைவர் மாலாமாவிடம் முறையிட, அவர் காலையில் கோபமாக வந்தார்.

"சிசெங்கா அம்மா, ராத்திரி முழுக்க என்ன கூத்து இது? பகல்ல கேட்டது போதாதா?"

"வரிக்காரர் எனக்குப் பக்கத்து வயலுக்கு வந்தா நிறுத்திடறேன் தலைவரே. உங்களுதுதானே பக்கத்து வயல்?"

அவர் தன் வயல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து, ஒரு தட்டு காய்ந்த மீனைத் திண்ணையில் வைத்துவிட்டு, "பெட்டியோட வாயக் கொஞ்சம் எங்க பக்கமும் திருப்பி வையி தாயி" என்றார். அந்த வாரத்திலேயே ஆற்றோரத்து வயல்காரர்கள் எல்லோரும் ஒவ்வொரு சாக்கில் மீனோ பூசணியோ கொண்டு வந்தார்கள். எவரிஸ்டோவின் பேச்சைக் கேட்க ஆட்கள் கையில் காணிக்கையோடு வந்தது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சேதி போயிருக்கும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பெட்டி எங்கே என்று துரை கேட்டதற்கு, உறவுக்காரர் வீட்டில் இருக்கிறது என்று அவர் சொல்லிவைத்தாராம். மற்ற ஊர்களில் தன் தொண்டையிலேயே பேசினார். கம்மிப்போன குரலோடு ஒருமுறை வழியில் பார்த்தேன். "கொழுந்தியா, நான் நல்லாப் பேசறேனா?" என்று கேட்டார். "ராத்திரியில ரொம்ப நல்லாப் பேசறீங்க மச்சான்" என்றேன்.

மே மாதம் அறுத்தேன். களத்தில் அடித்து, தூற்றி, தானியக் குதிருக்குள் கொட்டி நிரப்பி, மூடியைச் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசினேன். பூசி முடித்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றபோது அழுகை வந்தது. கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வருகிற விடுமுறையோடு சிசெங்காவைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று சித்திக்குச் சொல்லி அனுப்பினேன்.

வரிக்காரர் ஆற்றைத் தாண்டிவிட்டார். அந்தக் கரை சரணாலயம், அங்கே துப்பாக்கி எடுக்கக் கூடாது. லுவாங்வா வற்றிக் கணுக்கால் அளவுக்கு வந்த பிறகும் அவர் இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

ஜூன் மாதம் மெத்தைக்காரர் வந்தார். நல்ல மனிதர், வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கினார். தினமும் விடிந்ததும் இந்தக் கரையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, மடியில் துப்பாக்கியோடு உட்காருவார். எதிர்க் கரையில் வரிக்காரர் நிற்பார். தந்தத்தின் நுனியில் ஒட்டிய மண் வரைக்கும் தூரக்கண்ணாடியில் தெரியுமாம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெயில் ஏறியதும் இரண்டு பேரும் நிழலுக்குப் போவார்கள். கடைசியில் மெத்தைக்காரர் ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். பன்றி இறைச்சி எங்கள் ஊருக்கு வந்தது, ஆனால் தலைவர் வீட்டைத் தாண்டவில்லை.

யானை இறைச்சிக்காக உப்பு வாங்கி வைத்திருந்தவர்கள் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள். "அவளுக்குச் சோளம், நமக்குப் பட்டினியா" என்று கிணற்றடியில் பேச்சு. பூசணி கொடுத்து அதே பெட்டியைத் தங்கள் வயல் பக்கம் திருப்பச் சொன்னவர்கள்தான். அவர்கள் குதிரும் நிறைந்துதான் இருந்தது. யானை ஏன் வரவில்லை என்று ஃபூரி துரை கேட்டபோது, காரணத்தை விளக்கமாகச் சொன்னது மாலாமா. அவர் காய்ந்த மீன் கொண்டு வந்த தட்டு இன்னும் அவருக்குத் திரும்பிப் போகவில்லை, அந்தக் கோபமாகவும் இருக்கலாம்.

துரை என் வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எவரிஸ்டோவையும் கூட்டி வந்திருந்தார், அவர் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவருக்கும் புரிய வேண்டுமே. பெட்டி வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துரை அதைக் காட்டி ஏதோ உரக்கச் சொன்னார்.

"என்ன சொல்றாரு மச்சான்?"

"திருடினதான்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்ல, எடுத்துக்கிட்டதுன்னு சொன்னேன். வித்தியாசம் என்னன்னு கேட்டாரு. நீ இரும்பு, நான் யானைன்னு சொன்னேன். குடிச்சிருக்கியான்னு கேட்டாரு."

துரை மறுபடியும் பேசினார், இந்த முறை விரலை நீட்டி.

"இவ திருடினாள்னு நான் ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். காவலர்கள் ஒன்னக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். என் மேல தப்பு இல்லன்னு ஆயிடுமாம்."

"சொல்லுங்க மச்சான், என்ன சொல்லப் போறீங்க?"

எவரிஸ்டோ துரையின் பக்கம் திரும்பி மெதுவாக நாலு வார்த்தை பேசினார். துரையின் முகம் செங்கல்லாயிற்று. பிறகு அவர் பேசினார், வெகுநேரம், இப்போது சத்தமே இல்லாமல். எவரிஸ்டோ கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன சொல்றாரு?"

"என்னய வேலைய விட்டு நிறுத்தறாரு." எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல் அவர் தொடர்ந்தார். "நாளைக்குள்ள வீட்டக் காலி பண்ணணுமாம். சீருடையத் தோச்சுக் குடுக்கணுமாம். விலங்குகளப் பத்தி நான் ஒண்ணுமே கத்துக்கலையாம்."

துரை பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டார். அவர் எந்தக் கூட்டமும் இல்லை, அதனால் கேலி முறை அவரைக் கட்டாது. எவரிஸ்டோவை ஏற்றிக்கொள்ளாமலே வண்டி போயிற்று. நான் முன்கோயோ ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, சீருடைச் சட்டையின் பொத்தானைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. முறைப்படி அது என் தப்பு.

கம்பெனி வேலைக்குப் போன நாளிலிருந்து எவரிஸ்டோ நிலம் உழுததில்லை. குழி வெட்ட மட்டும் மண்வெட்டி பிடிக்கிற யானை என்று நானே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். சம்பளம் வந்தது, களி மாவு கடையில் கிடைத்தது. இனி விதைப்பதென்றால் நவம்பர் மழைக்குக் காத்திருக்க வேண்டும், அறுப்பதென்றால் அடுத்த வருஷம். அவருக்கு மனைவி உண்டு, நாலு பிள்ளைகள், மாமியாரும் கூட. எல்லோரும் அவர் தங்கை வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். குதிரில் இருக்கிற சோளத்தைப் பார்ப்பேன், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடுவேன்.

அவரே வந்தார். தனியாக இல்லை. காலை வெயிலில் பாட்டுச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், யானைக் கூட்டத்து ஆணும் பெண்ணுமாக ஒரு ஊர்வலம். கையில் காலிச் சாக்குகள். முன்னால் எவரிஸ்டோ, தன் மூக்குக்கு மேலே கையைத் துதிக்கை மாதிரி நீட்டி ஆட்டிக்கொண்டு, கனத்த நடை போட்டு வந்தார். ஊரே பின்னால் திரண்டு வந்தது. கிணற்றடிப் பெண்கள் குலவை போட்டார்கள்.

அவர் நேராகக் குதிருக்குப் போய், நான் பூசி வைத்திருந்த மண்ணை ஒரு கல்லால் தட்டி உடைத்தார். மூடியைக் கழற்றினார்.

"அன்பார்ந்த கிராம மக்களே," என்றார். பெட்டி இல்லாமலே அந்தக் குரல் கடைசி வீடு வரை போனது. "இது நம் சொத்து."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் சாக்கு நிறைந்தது. இரண்டாவதும். சிசெங்கா வரப்போகிறாள், அவளுக்கென்று எண்ணி வைத்த களி அந்தச் சாக்குகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் எல்லாக் கண்களும் என் முகத்தின் மேல்தான். நான் பற்களைக் காட்டிச் சிரித்தேன். அன்றைக்கு அவர் சிரித்த அதே சிரிப்பு என் வாயில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"மச்சான்," என்றேன், கேலி மாதிரியே, குரல் உடையாமல். "வயிறு ரொம்பப் பெருசு. கொஞ்சம் பாத்துத் தின்னுங்க."

அவர் மூன்றாவது சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது, அதை அப்போதுதான் பார்த்தேன்.

"அடுத்த அறுப்பு வரைக்கும் யானை எங்க சாப்பிடும் கொழுந்தியா?"

புளியமரத்தடியில் சிரித்த மாதிரியே ஊர் சிரித்தது. மாலாமா அன்றைக்குப் போலவே தொடையில் தட்டினார். எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பொறுமை நம் பலம் என்று சொல்லலாம், இன்னும் பலமாகச் சிரித்திருப்பார்கள். நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை. கிட்டே போய், அவர் அள்ளுவதற்கு வசதியாகச் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.